ஆன்லைன் தகராறு: ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தபடி யாருக்கு, எப்படி எழுதுவது

மண்டபத்தில் நாட்டுப்படகுக்கு ஆன்லைனில் எக்கோ சவுண்டர் (கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி) வாங்கி, அது பத்தாம் நாளே செத்துப்போனவர் ஒருவர். ராமேஸ்வரத்தில் பன்னிரண்டு ரூம் லாட்ஜை முன்பதிவு ஆப்பில் போட்டுக் கமிஷனில் நொந்துபோனவர் இன்னொருவர். இருவரும் சொல்வது ஒன்றுதான்: "ஆப்காரன் ஏமாத்திட்டான்." ஆனால் சட்டம் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. முதலாமவர் நுகர்வோர். அவருக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டாமவர் வியாபாரி. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்ற ஒரே காரணத்தில் மனு திரும்பிவிடும். அவர் போக வேண்டிய இடம், பெரிய நிறுவனம் சந்தையைக் கெடுப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டம். அதிலும் அவர் கேட்கும் பாதி விஷயம் இன்னும் வரைவிலேயே நிற்கிறது.

ஆகவே எதையும் எழுதுமுன், அந்தப் பரிவர்த்தனையில் நீங்கள் வாங்கியவரா விற்றவரா என்பதை முடிவு செய்யுங்கள். மாதக்கணக்கில் அலைந்து திரும்புகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே தவறியவர்கள்.

சான்று சேர்ப்பது

வாங்கியவரானாலும் விற்றவரானாலும் இது பொது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது போனின் மேல் ஓரத்தில் நேரமும், பக்கத்தில் ஆர்டர் எண்ணும் தெரிய வேண்டும். தேதி தெரியாத படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரியில் தள்ளிவிடுவார். ஆப்புக்குள் நடக்கும் சாட்டை நம்பி உட்காராதீர்கள். டிக்கெட்டை மூடியதும் பல ஆப்களில் அந்த உரையாடல் காணாமல் போய்விடும். அன்றன்றைக்கே திரைப்பதிவு செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அனுப்பிய தேதிக்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.

பொருளின் விளம்பரப் பக்கத்தையும் சேமியுங்கள். இதை யாரும் செய்வதில்லை, பிறகு தேடுவார்கள். விற்றவர் அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டால் "மீன்பிடிப் படகுக்கு ஏற்றது" என்று அவர் போட்டிருந்ததை நிரூபிக்க வழியில்லை. பார்சலைப் பிரிக்கும்போது லேபிளில் தொடங்கி, இடையில் நிறுத்தாமல், பொருளை ஓட்டிப் பார்ப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். அந்த வீடியோ எடுத்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் அளவு சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும்.

மின்னணுச் சான்றுக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம், பிரிவு 63(4)-ன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை. இருந்தாலும் எந்தப் போனில், யார், எப்போது எடுத்த படம் என்று ஒரு பக்கச் சான்றிதழ் கையெழுத்திட்டு வைத்துவிட்டால் அந்த வாதமே எழாது.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, கிடைத்த முதல் எண்ணுக்குப் பேசி, ஓடிபி சொல்லிப் பணம் போனால் அது நுகர்வோர் வழக்கே இல்லை, சைபர் குற்றம். உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்கிற வாய்ப்பு ஆரம்ப மணி நேரங்களில்தான் அதிகம். மற்றக் கடிதமெல்லாம் அதற்குப் பிறகு.

வாங்கியவர்: ஆணையத்துக்கு முன்னால் இரண்டு படிகள்

முதல் படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆப்பில் "உதவி" பட்டனை அழுத்திக் கணினி பதிலோடு பேசுவது இந்தக் கணக்கில் சேராது. தளத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்த அதிகாரியின் மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். ஆர்டர் எண், கொடுத்த தொகை, என்ன பழுது, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று பத்து வரிக்குள் முடியட்டும். திட்டி எழுதினால் அந்தக் கடிதமே பின்னால் ஆணையத்தின் மேசையில் உங்களுக்கு எதிராகக் கிடக்கும்.

அதே மின்னஞ்சலில் இன்னொரு வரியும் சேருங்கள்: விற்றவரின் முழு முகவரியும் தொடர்பு விவரமும் வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் சந்தைத் தளம் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது அதே விதி. பில்லில் "சூரத்" என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் நோட்டீஸ் எங்கே போகும்? நோட்டீஸ் சேராமலே வாய்தாவுக்கு மேல் வாய்தா விழும் வழக்குகளைப் பார்த்தால் இந்த வரியின் அருமை தெரியும்.

இரண்டாம் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காலை 8 முதல் இரவு 8 வரை. 88000 01915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, நிறுவனத்துக்குப் புகாரைத் தள்ளிப் பதில் வாங்குவார்கள். பெரிய தளங்களில் சிக்கிய ரீஃபண்ட் பலவும் இங்கேயே வந்துவிடும். வராவிட்டாலும் கிடைக்கும் டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், அடுத்த கட்டத்தில் நல்ல சான்று.

ஆணையத்தில் மனு

ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மனு போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. "பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்" என்று ஆப்பின் விதிமுறைப் பக்கத்தில் இருக்கும் வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தனியார் ஒப்பந்த வரி இந்த உரிமையைப் பறித்துவிடாது.

மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை எடுக்கும். இந்தக் கணக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்து. கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. தகராறு எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே மனுவை ஏற்றலாம், காணொலி மூலம் விசாரணையும் கேட்கலாம். மனு, தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், தரப்பினர் விவரம், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்கள் ஆகியவற்றைப் பக்க எண் போட்ட பிடிஎஃப்களாகத் தயார் செய்த பிறகே தளத்தைத் திறங்கள். பாதியில் நெட் போனால் எல்லாவற்றையும் திரும்பத் தட்ட நேரிடும்.

எதிர்த்தரப்பில் விற்றவரையும் தளத்தையும் சேர்த்தே போடுங்கள். விற்றவரை மட்டும் போட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. தளத்தை மட்டும் போட்டால் "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று பதில் வரும்.

இனி அந்த எக்கோ சவுண்டர். கடற்கரையில் மின்னணுப் பொருள் வாங்குகிறவர்கள் தோற்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, வணிக நோக்கம். "இவர் மீன் பிடித்து விற்கிறவர், நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கென்றே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. ஆனால் அதை மனுவில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனுவின் இரண்டாம் பத்தியிலேயே இப்படி வரட்டும்:

"மனுதாரர் ஒரே ஒரு நாட்டுப்படகு வைத்து, தானே கடலுக்குச் சென்று மீன் பிடித்து, அந்த வருமானத்தில் மட்டுமே குடும்பம் நடத்துகிறார். மேற்படி கருவி அந்தப் படகில் மனுதாரரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே வாங்கப்பட்டது."

படகுப் பதிவுச் சான்றின் நகலையும் மீனவர் அடையாள அட்டையின் நகலையும் இதோடு வையுங்கள். நாலு விசைப்படகை ஆள் வைத்து ஓட்டுகிற உரிமையாளருக்கு இந்த வரி கைகொடுப்பது கடினம். அவர் சிவில் வழக்கைத்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டு, "தண்ணி பட்டிருக்கு". சர்வீஸ் சென்டரில் கருவியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டி வாரண்டியை மறுப்பார்கள். ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் அது. விளம்பரத்தில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. "கடல் தண்ணீருக்குப் பொருந்தாது" என்று அடுத்த வாதம் வரும். நீங்கள் சேமித்த விளம்பரப் பக்கம் இப்போதுதான் பேசும்: படகில் மாட்டுவதற்கென்றே விற்ற கருவி உப்புத் தண்ணீர் தாங்காது என்று விற்றவரே சொன்னால், அது பழுதுக்கு அவர் கொடுக்கும் ஒப்புதல் மாதிரி.

இதனால் இரண்டு காரியம் செய்யக் கூடாது. கருவியை உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கக் கூடாது, அவர் கை எவ்வளவு கெட்டியானாலும் சரி. என்ன பழுது என்று எழுதித் தரும் சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட் வாங்காமல் பொருளை ஒப்படைக்கவும் கூடாது. பழுதைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். சீல் உடைந்த பொருளில் அந்தச் சோதனைக்கே மதிப்பில்லை.

எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. இந்தத் தேதியை நீங்களே எண்ணி வைத்து, தாண்டியதும் ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள். முழு வழக்கையும் 3 மாதத்தில், சோதனை இருந்தால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், அந்த மனநிலையோடு போங்கள். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு. மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இந்தப் பிரிவைக் காட்டி நோட்டீஸ் போனாலே பெரும்பாலும் காசோலை வந்துவிடும்.

4,000 ரூபாய் பொருளுக்கு மன உளைச்சல் 10 லட்சம் என்று எழுதாதீர்கள். மனுவின் மற்ற வரிகளின் மேல் இருக்கும் நம்பிக்கையும் அதோடு போகும்.

"கடைசி ஒரு ரூம்தான் பாக்கி"

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் இறங்க வருகிறவர்கள் முன்பதிவு ஆப்பில் பார்ப்பது இதைத்தான். சிவப்பு எழுத்தில் அவசரம், கீழே ஓடும் கடிகாரம். முதல் திரையில் 1,800 ரூபாய். பணம் கட்டும் திரையில் வசதிக் கட்டணம், தானாகவே டிக் அடித்த காப்பீடு, ஒரு நன்கொடை எல்லாம் சேர்ந்து 2,300. இப்படிப்பட்ட இருண்ட உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டு 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு தடை வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய்யான அவசரம், கூடையில் கேட்காததைச் சொருகுவது, சொட்டுச் சொட்டாக விலையேற்றுவது, வெளியே வர விடாத சந்தாப் பொறி, "வேண்டாம், எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை" என்று வெட்கப்படுத்தும் பட்டன் எல்லாம் அதில் உண்டு. முன்கூட்டியே டிக் அடித்த பெட்டி சம்மதமாகாது என்பது அதற்கு முன்பே, 2020 விதிகளிலேயே இருக்கிறது.

இதை நிரூபிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது. தேடலில் தொடங்கிப் பணம் கட்டும் திரை வரை நிறுத்தாமல் திரைப்பதிவு எடுங்கள். "கடைசி ஒரு ரூம்" பொய்யா என்று பார்க்க, இரண்டாவது போனில் வேறு கணக்கில் அதே தேதிக்குத் தேடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மூன்று முறையும் அதே "கடைசி ஒரு ரூம்" என்றால் விஷயம் விளங்கிவிடும். லாட்ஜுக்கே போன் போட்டு அந்தத் தேதிக்கு எத்தனை காலி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், ராமேஸ்வரத்தில் சொல்லிவிடுவார்கள்.

புகார் போக வேண்டியது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான சிசிபிஏ-வுக்கு. டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்றில்லை. மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று சட்டத்தின் 17-ம் பிரிவு சொல்கிறது, விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. திங்கள்கிழமை மனுநாளில் பட்டா மனுக்களுக்கு நடுவே இது கொஞ்சம் விநோதமாகத் தெரியும், பரவாயில்லை. சட்டப் பிரிவைத் தலைப்பிலேயே எழுதி, ரசீது வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் வேறு மிளகாயை விற்பதுபோன்ற தவறான விளம்பரத்துக்கும் இதே வழிதான். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். உங்கள் தனிப்பட்ட நஷ்டத்துக்கு மாவட்ட ஆணைய மனு தனி.

விற்றவர் என்ன செய்யலாம்

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆப்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைப்பதில் ஒரு பங்கு, படிக்காமல் கையெழுத்திட்ட விதிமுறையாகவே இருக்கும். தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ இருந்து நெத்திலிக் கருவாடு அனுப்புகிறவருக்கு வழக்கமான வலி, ஷிப்பிங். நெத்திலி எடை போடாது, ஆனால் இடம் பிடிக்கும். கூரியர் கணக்கு நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 30க்கு 20க்கு 15 பெட்டி என்றால் 9,000, வகுத்தால் 1.8 கிலோ. உள்ளே இருப்பது பெட்டியோடு சேர்த்து 700 கிராம். அரை கிலோ படிகளில் கட்டணம் போடும் இடத்தில் உங்களுக்கு 2 கிலோ கட்டணம் விழும். காற்றை உறிஞ்சி அடைக்கும் கவரில் போட்டு உயரத்தை 6 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் அதே பெட்டி 720 கிராம்தான், ஒரு கிலோ படிக்குள் வந்துவிடும். இதற்குச் சட்டம் வேண்டாம், டேப் போதும். பேக் செய்ததும் டேப்பும் தராசும் தெரிய ஒரு போட்டோ எடுத்து வைத்தால், அவர்கள் அளவு தப்பாகப் போடும்போது தகராறு எழுப்பலாம்.

விற்ற தொகை, பிடித்த கமிஷன், வந்த பணம் எல்லாம் காட்டும் தளத்தின் செட்டில்மென்ட் அறிக்கையை மாதாமாதம் இறக்கி வையுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் உள்ளே நுழையவே முடியாது, உங்கள் வியாபாரச் சரித்திரம் முழுக்க அவர்கள் கையில் இருக்கும்.

பணத்தை நிறுத்திவைத்தால், அந்த நிறுவனம் உங்களிடம் சரக்கை வாங்கியதா, அல்லது மற்றவர்களுக்கு விற்க இடம் மட்டும் கொடுத்ததா என்று பிரியுங்கள். வாங்கியிருந்தால், உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளம் வழியாகக் கேட்கலாம். இடம் மட்டும் கொடுத்த தளம் சட்டப்படி வாங்குபவர் அல்ல, அங்கே இந்த வழி செல்லாது.

லாட்ஜ்காரர்கள் ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வார்த்தை ரேட் பேரிட்டி. வேறு எங்கும், சில சமயம் உங்கள் சொந்த வெப்சைட்டிலும்கூட, இதைவிடக் குறைந்த வாடகைக்கு ரூம் தரக் கூடாது என்ற நிபந்தனை அது. காலி ரூம்களை எல்லாத் தளத்துக்கும் சமமாகத் திறந்துவைக்கச் சொல்லும் நிபந்தனையும் பக்கத்திலேயே இருக்கும். இந்த இரண்டுக்காகவும், இன்னும் சில காரணங்களுக்காகவும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 19-ல் முன்பதிவுத் தளங்களான மேக்மைட்ரிப், கோஐபிபோ தரப்புக்கு 223.48 கோடி அபராதம் விதித்தது. போட்டி ஓட்டல் சங்கிலிகளை அந்தத் தளத்தில் இருந்து விலக்கிய உடன்பாட்டுக்காக ஓயோவுக்கு 168.88 கோடி. போட்டி ஆணையத்தில் புகாருக்குத் "தகவல்" என்று பெயர். இந்த வழக்கில் தகவல் கொடுத்தவர்களில் ஓட்டல் சங்கக் கூட்டமைப்பும் ஒன்று. தனி லாட்ஜ் ஒன்றின் நஷ்டத்தை விசாரிப்பது போட்டி ஆணையத்தின் வேலை அல்ல, சந்தை கெடுகிறதா என்றுதான் பார்க்கும். எனவே இருபது லாட்ஜ்களின் ஒப்பந்தப் பக்கங்களைச் சேர்த்துச் சங்கம் எழுதும் ஒரு தகவலுக்கு, இருபது தனிக் கடிதங்களைவிட எடை அதிகம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம், ஆப்பில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

வரைவில் நிற்கும் சட்டம்

மேலே சொன்ன ஓட்டல் வழக்கில் விசாரணைக்கு உத்தரவு 2019 அக்டோபரில், அபராதம் 2022 அக்டோபரில். மூன்று ஆண்டு. அதற்குள் சின்ன லாட்ஜ் கைமாறியிருக்கும். கடல் ஊருக்குள் ஏறிய பிறகு கல் கொட்டுவதற்கும், முன்பே தூண்டில் வளைவு கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இன்றைய போட்டிச் சட்டத்துக்கும் டிஜிட்டல் போட்டி மசோதா வரைவுக்கும். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அமைத்த குழு, 2024 மார்ச்சில் அறிக்கையோடு இந்த வரைவை வெளியிட்டது. கருத்துச் சொல்ல 2024 மே 15 வரை நேரம் தந்தார்கள். அது இன்னும் சட்டமாகவில்லை. யாராவது "புதுச் சட்டம் வந்தாச்சு, அதன்படி நோட்டீஸ் விடலாம்" என்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வரைவின் கணக்கு இது. தேடுபொறி, சமூக வலைத்தளம், இயங்குதளம், உலாவி, விளம்பரச் சேவை, இணைய இடைத்தரகுச் சேவை என ஒன்பது வகையில் ஏதாவது ஒன்றை நடத்தும் நிறுவனம், இந்தியாவில் 4,000 கோடி விற்றுமுதல், உலகளவில் 3,000 கோடி டாலர் விற்றுமுதல், இந்தியாவில் தளம் வழியாக விற்ற 16,000 கோடி சரக்கு மதிப்பு, 7,500 கோடி டாலர் சந்தை மதிப்பு ஆகியவற்றில் ஒன்றை மூன்று ஆண்டு தொடர்ந்து தொட்டிருக்க வேண்டும். கூடவே ஒரு கோடிப் பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனம் 90 நாளில் தானே முன்வந்து சொல்ல வேண்டும். பிறகு தன் சரக்கை மட்டும் மேலே காட்டக் கூடாது, உங்கள் விற்பனைத் தரவை வைத்து உங்களுக்கே போட்டிச் சரக்கு இறக்கக் கூடாது, வாடிக்கையாளரிடம் நீங்கள் நேரடியாகச் சலுகை சொல்வதைத் தடுக்கக் கூடாது. மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம்.

பிரிட்டன் 2024 மே மாதம் நிறைவேற்றிய சட்டத்தில் டிஜிட்டல் சந்தை, போட்டி, நுகர்வோர் மூன்றும் ஒரே தொகுப்பு. போலி விமர்சனத் தடை 2025 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் போட்டி ஒரு அமைச்சகம், நுகர்வோர் வேறு அமைச்சகம். அதனால் ராமேஸ்வரத்து ரூம் ஒன்றின் கதையையே இரண்டு இடத்துக்கு இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கிறது: வாடிக்கையாளர் கண்ணில் பட்டது நுகர்வோர் விவகாரத் துறைக்கு, லாட்ஜ்காரர் கையைக் கட்டியது கார்ப்பரேட் விவகார அமைச்சகத்துக்கு.

கருத்து எழுதும் முறை

2014-ல் வந்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கைப்படி, வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கடற்கரைக்குச் செய்தி வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். அதனால் என்ன, எப்போது நடந்தது என்று எழுதிய சம்பவத் தாளை இப்போதே தயார் செய்து வைத்திருப்பதுதான் புத்தி. அமைச்சகத்தின் இணையதளத்தை மாதம் இருமுறை பார்க்கும் பொறுப்பைச் சங்கத்தில் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். எல்லோரும் பார்ப்போம் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

"பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்துங்கள்" என்ற வகைக் கடிதம் எண்ணிக்கையில் சேருமே தவிர வரியை மாற்றாது. ஒரு கருத்துக்கு ஒரு பிரிவு என்று எடுத்து, வரைவு என்ன சொல்கிறது, இங்கே என்ன நடக்கிறது, எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"வணிகப் பயனர் தன் வாடிக்கையாளருக்கு நேரடியாகச் சலுகை சொல்வதைத் தடுக்கக் கூடாது என்ற கடமை குறித்து: எங்கள் ஊர் லாட்ஜ்களுடன் தளம் செய்யும் ஒப்பந்தத்தில் நேரடித் தடை இல்லை. ஆனால் சொந்த வாடகையைக் குறைத்த லாட்ஜ் தேடல் வரிசையில் கீழே போகிறது (இணைப்பு 1: ஒரே தேடல், 14 நாள் படங்கள்). எனவே 'தடுக்கக் கூடாது' என்பதோடு, 'தேடல் வரிசையைக் குறைப்பதன் மூலமோ, கமிஷனை உயர்த்துவதன் மூலமோ தண்டிக்கவும் கூடாது' என்று சேர்க்கக் கோருகிறோம்."

அந்த 14 நாள் படங்களை எடுப்பதில்தான் உழைப்பு. தினமும் ஒரே நேரம், ஒரே ஊர், ஒரே தேதி இடைவெளி, கணக்கில் நுழையாத உலாவியில் தேட வேண்டும். உங்கள் சொந்தப் போனில் தேடினால் பழைய தேடலை வைத்து வரிசை மாறும், அந்தச் சான்று செல்லாக்காசு. இடையில் அமாவாசை வந்தால் அந்த நாளைத் தனியாகக் குறியுங்கள், கூட்ட நாளில் வரிசை எப்படியும் குலையும். தேடல் வரிசைக்கான முக்கியக் காரணிகளைத் தளம் எளிய மொழியில் விளக்க வேண்டும் என்பது 2020 விதியிலேயே இருக்கிறது. அந்த விளக்கத்தையும் இறக்கி இணையுங்கள். அவர்கள் சொன்னதும் நீங்கள் பார்த்ததும் ஒத்துப்போகாத இடத்தில் அடிக்கோடு போட்டால் போதும், உரை தேவையில்லை.

தமிழில் முழுதாக எழுதி, ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் மேலே வையுங்கள். அதிகாரி முதலில் புரட்டுவது அதைத்தான். உறுப்பினர் பெயர்ப் பட்டியல் இணைக்கும்போது ஆதார் எண்ணைப் போடாதீர்கள், பொதுக் கருத்துகள் வெளியாகக்கூடும். மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து நிலைக்குழுவுக்குப் போனால் அங்கும் கருத்துக் கேட்பார்கள், இதே தாளைத் தேதி மாற்றி அனுப்பலாம். தொகுதி எம்பி மூலம் மக்களவையில் கேள்வி எழுப்ப வேண்டுமானால் 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே அவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவும் ஒரே கேள்வியாக.

சட்டம் நிறைவேறினாலும் வேலை முடியாது. ஒவ்வொரு சேவைக்கும் கடமைகள் எப்படிப் பொருந்தும் என்பதை வரைவு போட்டி ஆணையத்தின் ஒழுங்குமுறைகளுக்கு விட்டிருக்கிறது. கமிஷன் எத்தனை நாள் முன்னறிவிப்போடு ஏறலாம், கணக்கை முடக்குமுன் விளக்கம் கேட்க வேண்டுமா போன்ற லாட்ஜ்காரருக்கும் கருவாட்டு வியாபாரிக்கும் வேண்டிய விஷயங்களுக்கு அங்கேதான் இடம் கேட்க வேண்டியிருக்கும். அதற்கும் தனியாகக் கருத்துக் கேட்பார்கள். இறக்கி வைத்த செட்டில்மென்ட் அறிக்கைகளையும் படங்களையும் அதுவரை அழிக்காதீர்கள்.